நோயுற்ற பிள்ளையும் குற்றாலச் சாரலும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிச் சீமைக்கு ஒரு தனி அழகு வந்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைகிறது. வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பூத்தூவலாய்ச் சாரல் விழுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டால், சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரு நாளாவது அங்கே போய் வராமல் இருப்பதில்லை. கட்டுச்சோறும் துண்டுமாகக் கிளம்பிப் போய்விட்டு, மாலையில் நனைந்த தலையோடு திரும்புவது இப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு பெருநாளுக்குச் சமம்.

இந்தப் பருவத்தை ஒட்டி ஆய்க்குடியிலிருந்து ஒரு கேள்வி நம்மிடம் வந்தது. கேட்டவரின் குடும்பம் இன்னதென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறோம். அவருடைய எட்டு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய். ஓராண்டுக்கு மேலாகத் திருவனந்தபுரம் சென்று சிகிச்சை செய்து வருகிறார்கள். ஊசி, மாத்திரை, இரத்தப் பரிசோதனை என்று நாட்கள் போகின்றன. சாரல் தொடங்கியதும் பையன், "எல்லா வருசமும் போவோமே, இந்த வருசம் போகலையா அத்தா?" என்று கேட்டிருக்கிறான். தாய்க்கு அழைத்துப் போக வேண்டுமென்று ஆசை. பாட்டனாரோ, "பிள்ளை இப்படி இருக்கும்போது உல்லாசமா? அல்லாஹ்விடம் கையேந்தி நிற்க வேண்டிய நேரத்தில் அருவியில் போய் நிற்பதா?" என்று கடிந்துகொண்டார். ஊர் மக்களும் சிகிச்சைக்கு உதவியிருக்கிறார்கள். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வேறு. இதில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பது தகப்பனாரின் கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்குள் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. சோதனைக் காலத்தில் மகிழ்ச்சி தகுமா? ஆபத்து இருக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாமா? செலவு யாருடைய பணம்? வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் உரிமை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸப்ர் என்பது வாடிய முகமல்ல

பொறுமை என்றால் சிரிக்காமல் இருப்பது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் ஒருவர் நோயுற்றால் நல்ல துணி உடுத்துவதும், விருந்துக்குப் போவதும், பிள்ளைகள் சத்தமாக விளையாடுவதும் குற்றமாகிவிடுகின்றன. பெரும்பாலும் இது அன்பினால் வருவது. அந்தப் பாட்டனாரின் கோபமும் பேரன் மீதுள்ள அன்புதான். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஸப்ர் இதுதானா என்று பார்க்க வேண்டும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீமை ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் பறிகொடுத்தபோது கண்ணீர் வடித்தார்கள். கண் அழுவதையும் உள்ளம் வருந்துவதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத சொல் நாவில் வரக்கூடாது என்பதே அவர்கள் வைத்த எல்லை. துயரம் வரும், நாவும் நடத்தையும் வரம்பு மீறக்கூடாது. ஸப்ர் என்பது அவ்வளவுதான்.

மற்றொரு நிகழ்ச்சியும் ஹதீஸ் நூல்களில் வருகிறது. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி ஒரு குருவியை வளர்த்து வந்தார். அது இறந்துபோனது. சிறுவர் சோகமாக இருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அந்தக் குருவியின் பெயரையும் சிறுவரின் பெயரையும் இணைத்து விளையாட்டாக விசாரித்து, அவர் முகத்தை மலரச் செய்தார்கள். ஓர் உம்மத்தின் பாரத்தையே சுமந்தவர்கள், ஒரு சிறுவரின் குருவிக்காக நேரம் ஒதுக்கினார்கள். பிள்ளையின் மனதை மகிழ்விப்பது வீண் வேலையல்ல, ஸுன்னத்தான காரியம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டுகிறோம். இறந்துபோனவருக்காகத் துக்கம் அனுஷ்டிப்பதற்கே நம் மார்க்கம் மூன்று நாள் என்று வரம்பு கட்டியிருக்கிறது. கணவனை இழந்த மனைவிக்கு மட்டுமே நான்கு மாதம் பத்து நாள். மரணத்துக்கே இவ்வளவுதான் என்றால், உயிரோடு நம் கண்முன் இருக்கும் பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் துக்கம் கொண்டாடுவது எந்தக் கணக்கில் சேரும்?

ஆண்டுக்கணக்கு என்று நாம் சொல்வது மிகையல்ல. பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடக்கிறது. முதல் சில மாதங்கள் கடுமையானவை. பிறகு மாத்திரையும் அவ்வப்போது ஊசியுமாக நீண்ட காலம் ஓடும். எட்டு வயதுப் பையனுக்கு இரண்டரை ஆண்டு என்பது அவன் நினைவில் நிற்கும் வாழ்நாளில் பாதி. "எல்லாம் சரியான பிறகு சந்தோஷமாக இருக்கலாம்" என்று நாம் சொல்லும்போது, அவனுடைய குழந்தைப் பருவத்தின் பெரும் பகுதியையே ஒத்திவைக்கச் சொல்கிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

நம்பிக்கை இழக்க இது காலமல்ல

வீட்டார் இப்படி முடங்கிப்போவதற்கு மற்றொரு காரணம், புற்றுநோய் என்றாலே மவுத் என்று மனதில் பதிந்துவிட்டதாகும். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1948-ல் அமெரிக்காவில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற சில குழந்தைகளுக்கு மருந்தினால் தற்காலிக நிவாரணம் கிடைத்ததை வெளியிட்டார். அதற்கு முன் அந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். இன்றோ, நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வசதியில்லாத பல நாடுகளில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை. நோய் பிந்திக் கண்டறியப்படுவதும், மருந்து கிடைக்காததும், சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவதுமே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்கள்.

நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1960களிலிருந்து பயன்பட்டுவரும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு முற்றங்களிலும் கபர்ஸ்தான் ஓரங்களிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்துதான். மையவாடிப் பூ என்று நாம் ஒதுக்கிய செடியில் பிள்ளைகளின் உயிருக்கு மருந்தை வைத்தவனின் ஹிக்மத்தை என்னவென்பது!

நம் பகுதிக்கு எட்டும் தூரத்திலும் வழிகள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954-ல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் 1981-ல் ஏற்பட்டது. ஆகவே சிகிச்சையைத் தொடருங்கள்; பாதியில் விடாதீர்கள். மருந்து செய்வது தவக்குலுக்கு மாறானதல்ல.

தவக்குலும் எச்சரிக்கையும்

அப்படியானால் உடனே அருவிக்குக் கிளம்பிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். மகிழ்ச்சி ஆகுமானது என்பதால் எந்த இடமும் ஆகும் என்றாகிவிடாது.

யஃகூப் (அலை) அவர்களிடம் மூத்த மக்கள் வந்து, தம்பி யூஸுஃபைத் தங்களோடு அனுப்புங்கள், நன்றாக உண்டு விளையாடட்டும் என்று கேட்ட வரலாற்றைத் திருமறை சொல்கிறது. அந்த நபி விளையாட்டைத் தடுக்கவில்லை. பிள்ளை விளையாடுவதா என்று கடிந்துகொள்ளவும் இல்லை. பிரிவு தமக்கு வருத்தம் தரும், கவனக்குறைவில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்பதே அவர்கள் சொன்ன பதில். நமக்கு அதில் பாடம் இருக்கிறது: விளையாட்டு ஆட்சேபத்துக்குரியதல்ல, ஆபத்தைப் பற்றிக் கேட்பது தகப்பனின் கடமை. பின்னர் நடந்ததும் விளையாட்டின் குற்றமல்ல, பொறுப்பேற்றவர்களின் வஞ்சகம்.

நோயுற்ற இந்தப் பிள்ளைக்கு ஓநாய் எது? மருந்தின் வேகத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்துபோகின்றன. மருந்து கொடுத்து ஒன்றிரண்டு வாரங்களில் அந்தக் குறைவு மிகுதியாக இருப்பதுண்டு. அப்போது மற்றவருக்குச் சாதாரணமான கிருமி அவனுக்கு உயிராபத்தாகலாம். சீசன் நெரிசலில் தோளோடு தோள் உரசி நிற்பதும், பலர் குளித்த தண்ணீர் வாயில் போவதும், திறந்து வைத்த பண்டங்களை வாங்கித் தின்பதும் அவனுக்கு ஆகாதவை. மருந்து ஏற்றுவதற்காக உடம்பில் குழாய் பொருத்தியிருந்தால் அதில் தண்ணீர் படக்கூடாது. இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் பாறையில் ஒரு சிறு சறுக்கலும் பெரிய இரத்தக் கசிவாகிவிடும். அருவியின் பொது ஆபத்தும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஓர் இளைஞரின் உயிரைக் கொண்டுபோனது.

எனவே முதல் அனுமதி சிகிச்சை செய்யும் மருத்துவருடையது. நோன்பை விடுவதிலும் தயம்மும் செய்வதிலும் திறமையும் நேர்மையும் உள்ள மருத்துவரின் சொல்லை நம் ஃபிக்ஹு நூல்கள் ஆதாரமாக ஏற்கின்றன. அதே சொல் இங்கும் ஏற்கத் தக்கது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்று சொல்லிக்கொண்டு அதை மீறுவது தவக்குல் அல்ல. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பினார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, விதியிலிருந்து விதியின் பக்கமே செல்வதாக விளக்கினார்கள். ஆபத்தைத் தவிர்ப்பதும் அவனுடைய விதிக்குள்தான் இருக்கிறது.

மருத்துவர் சரி என்றால் எப்படிப் போவது? சனி ஞாயிறையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டு, வார நாளில் ஃபஜ்ர் தொழுத கையோடு கிளம்பலாம். குளிக்காமல், தூரத்தில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு வரலாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் வீட்டிலே சமைத்த சூடான சாப்பாடும் கையில் இருக்கட்டும். இருமல், காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் கூட வரக்கூடாது. பிள்ளையின் மருந்துச் சீட்டையும் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணையும் எடுத்துச் செல்ல வேண்டும். உடல் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் காலை வரை பார்க்கலாம் என்றிராமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குற்றாலம்தான் வேண்டுமென்பதும் இல்லை. சாரல் ஆய்க்குடிக்கும் வருகிறது; அனுமன் நதி ஊரை ஒட்டியே ஓடுகிறது. பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் வயல் முழுதும் மஞ்சளாய் நிற்கும் காட்சியைக் காணக் கேரளத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். வெயில் ஏறுமுன் காரில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துவிட்டு வரலாம். அதுவும் முடியாதபோது, மொட்டை மாடியில் குடும்பத்தோடு அமர்ந்து சாரல் பார்த்துச் சாப்பிடுவதும் ஒரு விடுமுறைதான். பிள்ளை கேட்பது அருவியை மட்டுமல்ல. வீட்டார் எல்லோரும் ஒன்றாகச் சிரித்த அந்த நாளை அவன் கேட்கிறான்.

தொழுகை விஷயத்தில் ஒரு குறிப்பு. ஆய்க்குடியிலிருந்து திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். சிகிச்சைக்குப் போகிறவருக்குப் பயணியின் சலுகை உண்டு. குற்றாலம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே போய்வர கஸ்ர் கிடையாது. உல்லாசத்தில் லுஹர் தவறிவிடாதிருக்கட்டும். பிள்ளை தொழ விரும்பினால், தண்ணீர் படக்கூடாத கட்டின் மீது மஸ்ஹு செய்வதும், நீர் ஆகாதென்றால் தயம்மும் செய்வதும் போதுமானவை.

அமானத்தும் ஊர் வாயும்

மூன்றாவது கேள்வி நெருடலானது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஜமாஅத்தாரும் செல்வர்களும் பிள்ளையின் சிகிச்சைக்கென்று பெயர் சொல்லித் திரட்டித் தந்த பணம் அமானத் ஆகும். அதிலிருந்து உல்லாசப் பயணத்துக்கு ஒரு ரூபாய் எடுப்பதும் கூடாது. கொடுத்தவர் எதற்கென்று கொடுத்தாரோ அதற்கே செலவிட வேண்டும். மிஞ்சினால் அவரிடமோ ஜமாஅத்திடமோ கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஜகாத்துப் பணம் ஏழையான தகப்பனாருக்கு அவருடைய தேவைக்கென்று உரிமையாக்கித் தரப்பட்டிருந்தால் சட்டம் வேறு. அது அவர் சொத்து, ஆகுமான எதிலும் செலவிடலாம். எனினும் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், சிகிச்சைப் பணத்துக்குத் தனிக் கணக்கு எழுதி வைப்பதே பேணுதல். பயணச் செலவு சொந்த உழைப்பிலிருந்தோ, அதற்கென்றே மாமனோ சித்தப்பாவோ தரும் அன்பளிப்பிலிருந்தோ வரட்டும். ஆய்க்குடிக்கும் குற்றாலத்துக்கும் ஆகும் செலவு அப்படியொன்றும் பெரியதல்ல.

தகப்பனாருக்குச் சொன்னதோடு நிறுத்தினால் நியாயமாகாது. கொடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. தர்மம் கொடுத்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டி மனதைப் புண்படுத்துவது தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று திருமறை எச்சரிக்கிறது. "நம்மிடம் வாங்கிக்கொண்டு குற்றாலத்தில் நிற்கிறார்கள் பார்" என்று டீக்கடையில் சொல்லப்படும் ஒரு வார்த்தை அந்த வகையில்தான் சேரும். உதவி பெற்ற வீட்டார் எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் நம் உதவி வீணாகவில்லை என்று எண்ணுவது என்ன மனநிலை? நாம் கொடுத்தது அந்தப் பிள்ளை வாழ்வதற்காக அன்றோ! அவன் ஒருநாள் சிரித்தால் கொடுத்தவர்தாம் முதலில் மகிழ வேண்டும்.

ஆய்க்குடிக்காரர்களுக்கு இது புதிய பாடமுமல்ல. 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள், 1981-ல் அந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உடல் ஊனமுற்ற பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், தொழில் கற்கிறார்கள். அரசாங்கம் 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. உடலில் குறையோ நோயோ வந்தால் வாழ்க்கை நின்றுபோவதில்லை என்பதைத் தம் ஊரிலேயே கண்டவர்கள், இந்தப் பையனின் ஒருநாள் மகிழ்ச்சியைத் தவறாகப் பேசக் கூடாது.

மற்றப் பிள்ளைகளின் ஹக்கு

அந்த வீட்டில் பன்னிரண்டு வயது அக்காவும் ஒரு சின்னத் தம்பியும் இருக்கிறார்கள். தாயும் தகப்பனும் மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் தம்பிக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அந்தப் பெண் பிள்ளைதான். "நீ பெரியவள், பொறுத்துக்கொள்" என்று ஓராண்டாக அவளிடம் சொல்லி வருகிறார்கள். அவளுக்கு என்ன வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளுங்கள் என்ற நபிமொழி சொத்துப் பங்கீட்டுக்கு மட்டும் உரியதல்ல. நோயுற்றவனுக்கு அதிகக் கவனம் தேவை, அது நியாயம். ஆனால் மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லையென்பது நீதமாகாது.

நோயுற்ற பிள்ளை வர முடியாத நாளில் மற்றவர்களை மட்டும் அழைத்துப் போகலாமா என்றும் கேட்கலாம். போகலாம். பெற்றோரில் ஒருவர் அவனோடு இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும். அவனுக்குத் தெரியாமல் ஒளித்துப் போகக் கூடாது. "அக்கா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்" என்று பொய் சொல்லிவிட்டு, மாலையில் அவள் ஈரத் தலையோடு வந்து நின்றால், அன்று முதல் அவன் நம் சொல்லை நம்பமாட்டான். ஒரு தாய் தம் பிள்ளையை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தபோது, உண்மையிலேயே தர எண்ணமிருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு, இல்லையென்றால் அது பொய்யாக எழுதப்படும் என்று கண்டித்திருக்கிறார்கள். ஆகவே வாயை அடைப்பதற்காக "அடுத்த வாரம் போகலாம்" என்று சொல்லாதீர்கள். முடியுமென்றால் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லி முயலுங்கள்; முடியாதென்றால் காரணத்தை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும்.

தள்ளிப்போடாதீர்கள்

சில வீடுகளில் இதைவிடக் கடினமான நிலை வந்துவிடுகிறது. இனி மருந்து கேட்காது என்று மருத்துவரே சொல்லிவிடுகிறார். அங்கும் நாம் சொல்வது மாறாது. இன்னும் அழுத்தமாகச் சொல்வோம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஹென்றி லாண்ட்வர்த் என்ற விடுதி உரிமையாளர் இருந்தார். யூத இனத்தவர், தம் பதின்ம வயதை ஹிட்லரின் வதை முகாம்களில் கழித்துப் பிழைத்தவர். இரத்தப் புற்றுநோயுற்ற ஒரு சிறுமி அங்குள்ள கேளிக்கைப் பூங்காவைக் காண விரும்பினாள். இவர் தம் விடுதியில் இலவசமாகத் தங்க இடம் தருவதாகச் சொன்னார். ஆனால் பயண ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக முடிவதற்குள் அந்தக் குழந்தை இறந்துவிட்டாள். இனி எந்தப் பிள்ளைக்கும் இப்படி நேரக்கூடாது என்று எண்ணிய அவர், 1986-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, கடும் நோயுற்ற பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இலவசமாகத் தங்கிச் செல்ல ஒரு கிராமத்தையே கட்டினார். நற்செயலை யார் செய்தாலும் அதிலிருந்து படிப்பினை பெறுவது முஃமினின் பண்பு. நாளைக்கு என்று தள்ளிப்போட்ட நன்மை சில வேளை யாருக்கும் கிடைக்காமலே போய்விடுகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "பாவம், கடைசி ஆசை" என்று பிள்ளையின் காது கேட்கப் பேசாதீர்கள். ஆயுள் எவ்வளவென்று அல்லாஹ் ஒருவனே அறிவான். அதை ஊர்ப் பேச்சு முடிவு செய்யக் கூடாது.

அந்தத் தகப்பனாருக்கு நம் பதில் இதுதான்: மருத்துவரைக் கேளுங்கள். அமானத்துப் பணத்தைத் தொடாதீர்கள். கூட்டத்தையும் குளியலையும் தவிருங்கள். தொழுகையைப் பேணுங்கள். மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். பாட்டனாரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். துஆவுக்கு வீட்டு மூலைதான் வேண்டுமென்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் நீரைப் பார்த்தபடி, அதை இறக்குகிறவனிடமே பேரனுக்காக அவர் கையேந்தட்டும்.

நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களைப் பெற்றவர்களின் உள்ளங்களுக்கு ஸப்ரையும், அவர்கள் வீடுகளுக்குச் சிரிப்பையும் அளிப்பானாக! ஆமீன்.